விளக்கு பிடித்தவள் முகம்

ஜெபசீலன் கடைசியாக வரைந்த படம் முடிச்சூர் வீட்டுக் கூடத்தில் சுவரோடு சாய்ந்திருந்தது. என்றோ ஒரு புயலிரவில் கோவளம் கடலில் கப்பல் உடைந்துபோக, கட்டுமரக்காரர்கள் ஆட்களைக் கரைசேர்க்கும் காட்சி. சர்ச் ஹாலுக்கென்று வரைந்தார். மாட்டிப் பார்க்க அவர் இல்லை; மனைவி தபீதாள்தான் இருந்தாள்.

ஞாயிறன்று மாட்டுவதற்குள் படத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. பல்லாவரத்தில் பேனர் வரையும் சக்திவேல் பெயிண்ட் டப்பாவோடு வந்திருந்தார்.

"பாருங்க டீச்சர். கயிறு, துடுப்பு, நீட்டின கை எல்லாமே கரையில நிக்கிற இந்தப் பொம்பளயத்தான் காட்டுது. வெளிச்சமும் இவ வெளக்குலேந்துதான் கெளம்புது. தண்ணியில கீறவன் பல்லுகூடத் தெரியுது. வெளக்கு புடிச்சவ மூஞ்சி மட்டும் கரிச்சட்டி!"

"அண்ணன் முடிக்கறதுக்குள்ள போயிட்டாரு, அக்கா" என்றார் சர்ச் செயலாளர் ஜோஸ்வின், குரலைத் தாழ்த்தி. "லேசா ஒரு மஞ்சள். அவ்வளவுதான்."

தபீதாளுக்கு மறுத்துச் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. அந்த இருட்டு முகம் அவளையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இன்னொருவர் தூரிகை பட்டுவிட்டால், அப்புறம் அது அவர் படமா?

குனிந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் இடக்கை நெஞ்சில் இருப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இல்லை. அது விளக்குக்கும் முகத்துக்கும் நடுவில் இருந்தது. விரல் ஓரங்கள் சிவந்திருந்தன.

வெள்ளம் வந்த வருஷம். தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை. பள்ளிக்கூடம் போன மனுஷன் திரும்பவில்லை. அரிக்கேன் விளக்கோடு வாசலில் நின்றவளுக்குச் சுடரில் கண் கூசியது. உள்ளங்கையால் தன் பக்கத்தை மறைத்த பிறகுதான், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும் தலை தெரிந்தது.

"ஜன்னலைச் சாத்துங்க, ஜோஸ்வின். சக்திவேல், நீங்க அந்தச் சுவர்கிட்டப் போய் நில்லுங்க."

மெழுகுவத்தி ஏற்றி, உள்ளங்கையைத் தன் பக்கம் வைத்து மறைத்தாள்.

"என் முகம் தெரியுதா?"

"இல்ல டீச்சர். கைதான் செவசெவன்னு கீது."

"நீங்க எனக்கு நல்லாத் தெரியறீங்க. டப்பா மூடி திறந்திருக்கறதும் தெரியுது."

சக்திவேல் அந்தக் கையையும் படத்தில் இருந்த கையையும் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடினார்.

ஜோஸ்வின் ஜன்னலைத் திறந்தபோதும் தபீதாள் கையை எடுக்கவில்லை. அன்று நனைந்த சட்டையோடு படியேறி அவர் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது:

"மூஞ்சியே தெரியல, தபீ. கையை வச்சுத்தான் நீன்னு கண்டுபிடிச்சேன்."