ஜன்னல் வழியே போட்ட சீட்

நேற்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கத் தொடங்கிய பிறகு எதையும் ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் நேற்றைய நாளில் சில இடங்கள் எனக்குத் தெளிவாக நினைவில்லை. அவற்றை மற்றவர்கள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் லிங்கம் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். துணிக்கடையில் இருப்பவனுக்குத் தீபாவளிக்கு லீவு கிடைக்காது. இந்த முறை தீபாவளி முடிந்ததும் இரண்டு நாள் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு நாளில் அவன் எங்கள் நமுனுகுல தேயிலைத் தோட்டத்துக்கு வந்து திரும்புவது வீண் அலைச்சல். அதனால் கம்சலா அண்ணியும் அவர்களுடைய மகள் யதுஷாவும் நானும் அவனிடம் போவதென்று முடிவானது. யதுஷாவுக்கு ஐந்து வயது. சித்திரைக்குப் பிறகு அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

மலிவாக எப்படிப் போவது என்று கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ரயிலில் ரிசர்வ் செய்யும் சீட்டுகள் திறந்த அன்றே முடிந்துவிட்டிருந்தன. ஏசி பஸ்ஸில் மூன்று பேர் போய்வரும் செலவுக்கு யதுஷாவின் தீபாவளி உடுப்பு இரண்டு வாங்கலாம். சாதாரண பஸ்ஸில் வெலிமடை தாண்டுவதற்குள் அவள் வாந்தி எடுப்பாள். மிச்சம் மூன்றாம் வகுப்பு ரயில். ரயில் பதுளையில்தான் புறப்படுகிறது, ஆகவே நேரத்தோடு பதுளைக்குப் போய்விட்டால் காலிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு போகலாம். இதை நான் அண்ணிக்கு இரண்டு முறை விளக்கினேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன அத்தனை பேரும் தீபாவளிக்கு மலைக்கு வந்திருந்தார்கள். அத்தனை பேரும் திரும்பிப் போகும் நாள் அது.

பதுளை ஸ்டேஷனில் காலையிலேயே கால் வைக்க இடமில்லை. ரயில் பிளாட்பாரத்துக்கு வந்து நிற்பதற்குள் பையன்கள் ஓடி ஏறினார்கள். வாசல்களில் பைகளும் தோள்களும் அடைத்துக்கொண்டன. எங்களுக்கு நேரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு சீட்டில் முக்காடு போட்ட ஒரு பெண், பக்கத்தில் இரண்டு இடம் காலி.

"புள்ளய உள்ள போடு" என்றாள் அண்ணி. "சீட்டப் புடிச்சுக்கட்டும், நம்ம வாசலால ஏறிடலாம்."

பக்கத்து ஜன்னலிலும் ஒரு பிள்ளை அப்படித்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கூட்ட நாளில் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். சிலர் துண்டு போடுவார்கள், சிலர் குடை. துண்டைத் தூக்கிப்போட்டுவிட்டு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைத் தூக்கிப்போட முடியாது. நான் யதுஷாவைத் தூக்கினேன். அந்தப் பெண் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"ஒருத்தரையும் ஒக்கார விடாத" என்றேன்.

"சரி அத்த" என்றாள் யதுஷா, படுத்துக்கொண்டு இரண்டு சீட்டையும் மறைத்தபடி.

நாங்கள் வாசலுக்குப் போனோம். முன்னால் நின்றவர்கள் நகரவில்லை. அடுத்த வாசலுக்கு ஓடினோம். அங்கே மிதிபலகையிலேயே ஆள் தொங்கினார்கள். அண்ணி ஒருவனின் சட்டையைப் பிடித்து ஏறப் பார்த்தாள். அவன், "அக்கா, எனக்கே ஒத்தக் கால்தான் உள்ள இருக்கு" என்றான். விசில் கேட்டது. அது எங்கள் ரயிலுக்கு என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. பெட்டி நகரும்போதும் கூட்டம்தான் நகர்கிறது என்று நினைத்தேன்.

ஜன்னல் எங்களைத் தாண்டிப் போனது. யதுஷா டாட்டா காட்டினாள்.

அண்ணி பிளாட்பாரம் முடியும்வரை ஓடினாள். ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்தது. அவள் அங்கேயே நின்றாள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன், பாதியில் பிள்ளையின் பெயர் மறந்துபோனது. அண்ணி பின்னால் வந்து சொன்னாள்.

அவர் அடுத்த ஸ்டேஷனான ஹாலிஎலைக்கு போன் எடுத்தார். ரயில் கார்டிடம் சொல்லிப் பெட்டி பெட்டியாகக் கூப்பிடச் சொன்னார். நாங்கள் அந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்ப வந்த பதில்: கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாரும் பதில் சொல்லவில்லை, ரயில் போய்விட்டது.

வெளியே திரீவீல் வரிசையில் முதலில் நின்றவர் புஹாரி நானா. பதுளையில் நான் வேலை செய்யும் தையல் கடைக்குத் துணிக்கட்டு கொண்டுவருகிறவர், தெரிந்தவர்.

"நானா, ரயிலப் புடிக்க முடியுமா?"

"தெமோதரையில புடிக்கலாம். அது மலையச் சுத்திச் சுத்தித்தானே வரும். ஏறுங்க."

வழியில் அண்ணி ஒரே ஒரு முறைதான் பேசினாள். "பதுளையில ஏறுனா காலியா இருக்கும்னு சொன்னியே கோகிலா." திட்டும் குரல் இல்லை. உண்மையாகவே கேட்பதுபோலக் கேட்டாள். தெமோதரை சரியா, அதற்கு அடுத்த எல்லவுக்கே போயிருக்க வேண்டுமா என்று மனசுக்குள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என் கணக்கு ஏற்கெனவே ஒரு முறை பிழையாகிவிட்டது.

பதுளையிலிருந்து போகும் ரயில் தெமோதரையில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். பிறகு குன்றைச் சுற்றி ஏறி மேலே பிளாட்பாரத்துக்கு வரும். நாங்கள் போய் நின்றபோது காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. பிள்ளை எங்களுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது, ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணி குனிந்து தரையைப் பார்த்தாள்.

ரயில் வந்து நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் கொஞ்சம் நிறுத்திவைப்பதாகச் சொன்னார். பையன்கள் ரபான் மேளம் அடித்துப் பாடிக்கொண்டு வந்த பெட்டி ஒன்று, அதற்கு அடுத்தது எங்கள் ஜன்னல். சீட்டில் மூன்று பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

யதுஷா இல்லை.

"இங்க ஒரு சின்னப் புள்ள இருந்துச்சே" என்றேன்.

"ஆமா. அத முந்தின ஸ்டேஷன்லயே, உடுவரையில எறக்கிட்டாங்களே" என்றான் ஒருவன்.

"யாரு?"

"பக்கத்துல இருந்த அக்கா. முக்காடு போட்டவங்க. புள்ள எறங்க மாட்டேன்னு ஒரே கத்து. வாசலால வர ஏலாம, தூக்கி ஜன்னலால வெளிய நின்ன ஒரு ஆள்கிட்ட குடுத்துட்டு, அவங்களும் ஜன்னலாலயே குதிச்சாங்க."

"நீங்க எல்லாம் பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்றாள் அண்ணி.

அவன் எழுந்து நின்றுவிட்டான். "அவங்க புள்ளன்னுதான் நெனச்சோம் அக்கா."

அண்ணி திரும்பி புஹாரி நானாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். முக்காடு போட்டவள் ஒருத்தி செய்ததற்கு அவரும் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல இருந்தது அது. அவருக்கும் அது விளங்கியது. முகம் சிவந்தது. உடுவரைக்குப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர் போனை வைத்துவிட்டு, அங்கே பிளாட்பாரத்தில் யாருமில்லையாம், இறங்கியவர்கள் எல்லோரும் வெளியே போய்விட்டார்களாம் என்றார். அடுத்தது பொலிஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்கும்வரை யதுஷா எங்கோ ஒரு சீட்டில் இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவள் எந்த இடத்திலும் இல்லை.

"ஏறுங்க" என்றார் புஹாரி நானா. "அவர் பொலிஸுக்குச் சொல்லட்டும். நம்ம ரோட்டப் பாத்துட்டே போவோம்."

வந்த வழியே திரும்பினோம். ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் அவர் வேகத்தைக் குறைத்தார். நான் இடப்பக்கம், அண்ணி வலப்பக்கம். எதிரே வந்த பஸ்களின் ஜன்னல்களையும் பார்த்தோம். எத்தனையோ பிள்ளைகள். எல்லாருடைய தலையிலும் தீபாவளி ரிப்பன்.

உடுவரை ரோட்டில், தேயிலைக்கு ஓரமாக ஒரு தகரக் கூரை. அதன் கீழே அந்தப் பெண் நின்றாள், இடுப்பில் யதுஷா. பதுளைப் பக்கம் போகும் பஸ்ஸுக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

திரீவீல் நிற்பதற்குள் அண்ணி இறங்கிவிட்டாள். பிள்ளையைப் பிடுங்கி, முதுகில் ஒரு அடி வைத்து, அதே கையால் இறுக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இவங்க என்னய எறக்கிட்டாங்க" என்றாள் யதுஷா. "சீட்டு போச்சு."

அந்தப் பெண்ணின் பெயர் முஹ்ஸினா. ஊர் லுணுகலை. கொழும்பில் மாமி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஹாலிஎலயில என்னமோ கத்தினாங்க, பக்கத்துப் பெட்டிக்காரனுகள்ட ரபான் சத்தத்துல ஒண்டும் விளங்கல்ல. ஒங்கட ஆக்கள் எங்கேண்டு புள்ளகிட்ட கேட்டா, அடுத்த பெட்டிண்டு சொல்லிச்சு. அடுத்த பெட்டிக்கு ஆள விட்டுக் கேட்டேன், இல்ல. அந்தப் பக்கமும் இல்ல. நீங்க ஏறவே இல்லண்டு அப்பதான் விளங்கிச்சு. கொழும்பு வரைக்கும் கொண்டு போனா நீங்க செத்துருவீங்கண்டு எறங்கிட்டேன். ஸ்டேஷன்ல நிண்டா அடுத்த ரயில் எப்ப வருமோ, பஸ்ஸுல பதுளைக்கே கொண்டு போய்க் குடுப்போம்ண்டுதான்."

"ஒங்க பேக்கு?" என்று கேட்டேன். அவள் கையில் போனைத் தவிர ஒன்றும் இல்லை.

"அது மேல தட்டுல. பேக்க எடுத்தா புள்ளயத் தூக்கேலா."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அண்ணி பிள்ளையோடு எழுந்து வந்தாள். முஹ்ஸினாவின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு புஹாரி நானா பக்கம் திரும்பினாள்.

"நானா, நான் அங்க..."

"அத விடுங்க தங்கச்சி" என்றார் அவர். பிறகு முஹ்ஸினாவிடம், "பேக்குல என்ன மகள்?"

"உடுப்பு. ஐடென்டிட்டி கார்டு. மாமிக்குச் செஞ்ச இனிப்பு, ஒரு சட்டி வட்டிலாப்பம்."

"அந்தப் பையனுக கண்ணுல பட்டா வட்டிலாப்பம் கொழும்பு போய்ச் சேராது" என்றார் அவர். அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

பேக்கை எடுக்க ஒரே வழிதான் இருந்தது. அண்ணன் எங்களைக் கூட்டிப்போக எப்படியும் கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் நிற்பான். பெட்டியையும் ஜன்னலையும் சொன்னால் அவன் ஏறி எடுக்கலாம். ஆனால் நாங்கள் ஏன் அந்த ரயிலில் இல்லை என்று சொல்ல வேண்டும். அண்ணி தலையாட்டினாள். என் போனில் அவனுக்கு எடுத்தேன். பெட்டி, பேக்கின் நிறம், தட்டு எல்லாம் முதலில் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். பிறகு காரணத்தைச் சொன்னேன்.

மறுமுனையில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ சேலை நிறம் கேட்டார்கள்.

"அண்ணே?"

"புள்ளகிட்ட குடு."

போனை யதுஷாவின் காதில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வந்துக்கிட்டுத்தான் இருந்தேன் அப்பா" என்றாள். "அம்மாவும் அத்தையும்தான் ஏறல."