நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு

மர்டோ இடது மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, கறவை இயந்திரத்தின் ஓசைக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். டக், டக், டக். பிறகு கத்தி முனையால் திருகாணியைச் சற்றே முடுக்கினான்.

"இப்ப சரியாப் போச்சு."

"எங்க சரியாப் போச்சு? இந்த மாடு ஹெதர் ஒதைக்குது பாரு," என்றாள் அவன் மனைவி இசபெல்.

"அது ஒன்ன மாதிரி. ஒதைக்கக் காரணமே வேணாம்."

சிரித்துக்கொண்டே பால் கேனை எடுக்கக் குனிந்தவன், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

தரனாக்கி மாவட்டத்தின் அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் இயந்திரம். போன வசந்தத்தில் வந்தது. அதற்குமுன் முப்பது மாடுகளையும் தினம் இரண்டு வேளை இருவரும் கையால்தான் கறந்தார்கள். இசபெலின் விரல்களுக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூட வராமல் போயிருந்தது. இயந்திரம் வந்த ஆறாம் மாதம் அவள் மறுபடியும் ஊசி பிடித்தாள்.

இயந்திரம் ஓயாமல் உறிஞ்சினால் காம்பில் ரத்தம் கட்டிவிடும். கன்று மூச்சு வாங்குவது போல விட்டுவிட்டு உறிஞ்ச வேண்டும். அதற்கென்று குழாயின் தலைப்பில் ஒரு சிறு பெட்டி துடிக்கும். பொருத்த வந்த ஆள் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மர்டோவின் நாடியை எண்ணினான். "அறுபது. நெதானமான ஆளு நீங்க. மாட்டுக்கும் இதான் கணக்கு. கொட்டில்ல கடிகாரம் எதுக்கு?" என்றான். அன்றிலிருந்து மர்டோ தினமும் தன் நாடிக்கே இயந்திரத்தைத் திருகி வைத்தான்.

கடைசி இரண்டு மாதமாக மாடுகள் உதைத்தன. பாலை மறைத்தன. காம்பு நுனி சிவந்தது. "நான் சரியாத்தான் வெக்கிறேன்," என்பான் மர்டோ. "ஒன் கை கெட்டுப்போச்சு, வேறென்ன," என்று ஒருநாள் இசபெல் சொல்லியிருந்தாள்.

மர்டோவை அடக்கம் செய்யக் கல்லறைக்குப் போன ஆண்கள் பூட்ஸில் சேற்றோடு திரும்பி வந்தார்கள். இசபெல் தேநீர் ஊற்றினாள். மூன்று நாளாக அக்கம்பக்கத்தார்தான் வந்து கையால் கறந்தார்கள். இயந்திரத்தை யாரும் தொடவில்லை.

"அண்ணி, அந்தப் பேயை நாளைக்கே கழட்டிப் போட்டுடறேன்," என்றான் மர்டோவின் தம்பி கேலம்.

இசபெல் தன் விரல்களைப் பார்த்தாள். பக்கத்துக்காரர்கள் ஞாயிறுவரை வருவார்கள். அதற்குப் பிறகு முப்பது மாடும் அவளும்தான்.

"அதைக் கழட்டினா மாட்டையும் விக்கணும் கேலம். அப்புறம் இந்த நெலத்தையும்."

"வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. எங்கண்ணனைக் கொன்ன மெஷினு அது. அதோட மல்லுக்கட்டியே செத்தான்."

மூலையில் நின்றிருந்த டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "மெஷின் யாரையும் கொல்லலப்பா. இதயம். ரெண்டு மாசமாவே நாடி குதிரை மாதிரி ஓடியிருக்கும்." இசபெலின் பக்கம் திரும்பினார். "ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியாம்மா?"

இசபெல் தேநீர்க் கெண்டியை மேசையில் வைத்தாள். மூடி கடகடவென்று ஆடி நின்றது. வெளியே மாடுகள் கொட்டில் படலுக்கு வந்து கத்தத் தொடங்கியிருந்தன. மணி நாலரை.

"டாக்டர், ஒங்க கடிகாரத்தைக் கொஞ்சம் குடுங்களேன்."

அதை வாங்கிக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தாள். கேலம் பின்னாலேயே ஓடிவந்தான். "இன்னிக்கா அண்ணி? வீடு நெறைய ஆளு இருக்கு. சத்தம் கேக்கும்."

"கேக்கட்டும். சக்கரத்தைச் சுத்து."

அவன் சுற்றினான். இயந்திரம் இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது. பெட்டி துடித்தது. இசபெல் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே உதடசைத்து எண்ணினாள்.

நூற்றுப் பன்னிரண்டு.

"மெஷின்ல தப்பில்ல கேலம். இது இங்கயே இருக்கட்டும்."

"அப்ப யார் மேல தப்பு?"

மர்டோவின் கத்தி அவன் வைத்த இடத்திலேயே, மரச்சட்டத்தின் மேல் கிடந்தது. இசபெல் எடுத்து அதன் முனையைத் திருகாணியின் பள்ளத்தில் பொருத்தினாள். படலுக்கு அப்பால் ஹெதர் முதல் ஆளாக நின்று தலையை ஆட்டியது.

"மாட்டை விடட்டுமா?"

"கொஞ்சம் பொறு."

திருகாமல், இன்னும் ஒரு நிமிடம் எண்ணினாள்.

அதே நூற்றுப் பன்னிரண்டு.