முள்ளெலியின் குரல்

என் தாயின் கல்லறை மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி தொலைக்காட்சியில் ஆட்டம் பாட்டுக்கு நடுவே ஸ்பிந்தோலோ என்ற முள்ளெலிப் பொம்மை வரும். இத்தாலியே சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரிக்கும். கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு பின்னால் நின்று அதை ஆட்டியவன் நான். கீச்சுக்குரல் கொடுத்தவர் ஒத்தோரினோ. இருபது வருஷம் கீச்சிட்டதில் அவருடைய சொந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது. கடையில் ரொட்டி கேட்டாலும் முள்ளெலிதான் கேட்கும்.

மிலான் ஆஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டு அவர் சாகக் கிடந்தார். பாவமன்னிப்பு வாங்காமல் போனால் நரகம்தான் என்று நடுங்கினார். அவர் மனைவி எர்சிலியா, தோன் கலிஸ்தோ என்ற பாதிரியாரைக் கூட்டி வந்தாள். எங்களை வெளியே அனுப்பக்கூட ஒத்தோரினோவுக்குப் பொறுமையில்லை, ஆரம்பித்துவிட்டார். போர்க்காலத்துக் குளிரில் போ என்னும் ஆற்றில் படகு கவிழ்ந்ததையும், கவிழ்ந்த படகைப் பற்றியிருந்த தம்பி நெவியோவின் விரல்களைத் தானே பிரித்துவிட்டதையும் சொன்னார். எல்லாம் முள்ளெலிக் குரலில்.

பாதிரியார் சிரித்துவிட்டார். கெட்டவரில்லை, சனிக்கிழமை தவறாமல் பார்க்கிறவர். உதட்டைக் கடித்தார், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், மறுபடி சொல்லச் சொன்னார். தம்பி பெயர் வந்த இடத்தில் மறுபடி வெடித்தார். பக்கத்துக் கட்டில் நோயாளியும் சேர்ந்துகொண்டார்.

“சாமி, அவரு செத்துட்டிருக்காரு. சிரிப்பை அப்புறம் வச்சுக்கலாமே,” என்றாள் எர்சிலியா.

“என்னம்மா பண்றது, அந்தப் பையன் முழுகுறது கண்ணுக்கே வரமாட்டேங்குது. முள்ளெலிதான் வருது,” என்றார் பாதிரியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியிலிருந்து ஸ்பிந்தோலோவை எடுத்துக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்தேன். ஒத்தோரினோ மூச்சை இழுத்து இழுத்து மறுபடி சொல்ல, பொம்மையைத் தலைகுனிய வைத்து, இரண்டு கையாலும் முகத்தை மூடச் செய்தேன். அது அதற்கு முன்னால் அழுததே இல்லை. பாதிரியாருக்குச் சிரிப்பு நின்றது. பையன் ஆற்றோடு போனது இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணீரோடு கையை உயர்த்தி, பாவமன்னிப்புச் செபத்தை முழுக்கச் சொல்லி, சிலுவை வரைந்தார். முள்ளெலியைப் பார்த்து.

“இந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம்,” என்றாள் எர்சிலியா.

திரும்பினார். ஒத்தோரினோ வாயைத் திறந்தபடி போய்ச் சேர்ந்திருந்தார்.

பொம்மைக்குக் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்க வழியில்லையாம். செத்தவருக்குக் கொடுக்கவும் வழியில்லையாம். இன்றைக்கு மிலானில் ஒரு பாவமும் இல்லாத ஒரே ஆத்மா என் அலமாரியில் இருக்கிறது.

கல்லறைச் சத்தியத்தை ரொம்ப நம்பிவிடாதீர்கள்: ஸ்பிந்தோலோ பேசாத பொம்மை, அதற்கு யாரும் குரல் கொடுத்ததே இல்லை. அத்தனை வருஷமும் தலையை மட்டும்தான் ஆட்டியது.