கூடுதலாக ஒரு விடைத்தாள்

தேர்வுப் பிரிவின் மூன்றாம் கவுன்டரில் ஜெனி வந்து நின்றாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் பல்கலைக்கழகம் பழைய அரியர்காரர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அறிவிக்கும்போதெல்லாம் முடிச்சூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவாள். வயது முப்பத்தெட்டு. எம்.எஸ்சி. கணிதம், 2009 பேட்ச். மற்ற எல்லாத் தாளிலும் பாஸ். ரியல் அனாலிசிஸ் என்ற ஒரே தாளில் ஆப்சென்ட். அந்த ஒன்றால் பட்டம் இல்லை.

சரி, சிறப்புத் தேர்வு எழுதத்தான் வந்திருக்கிறாள் என்று விண்ணப்பத்தை நீட்டினால் வாங்க மாட்டாள். நான்தான் அந்தப் பரீட்சையை எழுதிவிட்டேனே, ஆப்சென்ட்டை எடுங்கள் என்பாள். பதினாறு வருஷமாக இதே பாட்டு. எழுதிப் பாஸ் பண்ணிவிட்டுப் போயேம்மா, புது மார்க் ஷீட்டில் அந்த வார்த்தையே இருக்காது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! திரும்ப எழுதினால் அன்றைக்குப் போகவில்லை என்று தானே ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடும், அப்பாவுக்கு அது போதும் என்பாள்.

அப்பா ஜீவரத்தினம், கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ரிட்டயர் ஆனவர். பரீட்சை நாளன்று டிவிஎஸ் 50-இல் கூட்டிவந்து கேட்டில் இறக்கிவிட்டவரே அவர்தான். ரிசல்ட்டில் ஆப்சென்ட் என்று வந்ததும், கேட்டில் விட்டேனே, அப்புறம் எங்கே போனாய் என்று கேட்டிருக்கிறார். கூடப் படித்த டெனிஸோடு இவள் பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டு நின்றதை ஒருமுறை பார்த்திருக்கிறார். மீதியை அவரே கூட்டிக்கொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அதற்குப் பிறகு இவள் கடைக்குப் போனாலும் எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று கடிகாரத்தைப் பார்ப்பார். கல்யாணப் பேச்சு வந்தபோது, முதலில் அன்றைக்கு எங்கே போனாள் என்று சொல்லட்டும் என்றாராம். அவள் சொன்னதையே சொன்னாள். கல்யாணம் நடக்கவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். இதையெல்லாம் கவுன்டரில், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது சொல்லுவாள். எனக்கென்ன வந்தது என்றுதான் நினைப்பேன்.

இந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கு நாற்பது வயது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பத்ரிநாராயணன் சாருக்கு வரலாற்றுக் கண்காட்சி வைக்கும் ஆசை வந்துவிட்டது. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிற அயூப்தான் சும்மா இருக்கிறான் என்று என்னைப் பழைய ரெக்கார்டு கொட்டகைக்குள் தள்ளிவிட்டார். முதல் பேட்சுக்கு வகுப்பு நடந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை அது. வெயிலில் உள்ளே நின்றால் இட்லி வெந்துவிடும். முதல் வருஷ குரூப் போட்டோ கிடைத்தது. மாணவர்கள் பதினொரு பேர், ஊழியர்கள் பதினாறு பேர். வண்டலூரில் எலக்ட்ரிக் ட்ரெயினை விட்டிறங்கிப் புழுதியில் நடந்து வந்தவர்கள். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பும் போட வேண்டுமென்று தொண்ணூற்றொன்றில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு கிடைத்தது. ஒரு பாம்புச் சட்டையும் கிடைத்தது. ஐந்து வருஷத்தில் அழித்திருக்க வேண்டிய காகிதங்கள்தான் எல்லாம். யாருக்கும் அந்த வேலையைச் செய்ய மனசு வரவில்லை. எங்கள் சோம்பேறித்தனம்தான் எங்கள் வரலாறாக மிஞ்சியிருக்கிறது.

அங்கேதான் 2009 ஏப்ரல் என்று எழுதிய கட்டைப் பார்த்தேன். தேர்வு அறையில் மாணவர்கள் கையெழுத்திடும் வருகைத்தாள்கள். ஜெனியின் வாயை அடைக்கத்தான் பிரித்தேன், சத்தியமாக. அவள் பதிவெண்ணுக்கு நேரே கட்டம் காலியாக இருக்கும், நகல் எடுத்து நீட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

கையெழுத்து இருந்தது. ஜீ. ஜெனி. மணி மணியான எழுத்து.

இனி அவள் பேப்பர் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமே. விடைத்தாளின் மேலே பதிவெண் எழுதிய ஒரு துண்டு இருக்கும். திருத்துகிறவருக்கு யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காக, துண்டிலும் விடைத்தாளிலும் ஒரே டம்மி நம்பரை முத்திரை குத்தித் துண்டைக் கிழித்துத் தனியே வைத்துவிடுவோம். திருத்தி வந்ததும் நம்பரை வைத்து இரண்டையும் சேர்ப்போம். அவசரத்தில் துண்டில் மட்டும் முத்திரை விழாமல் போவதுண்டு. அப்போது ஆளில்லாத விடைத்தாள் ஒன்றும் நம்பரில்லாத துண்டு ஒன்றும் மிஞ்சும். இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும், அதுதான் முறை. அரைமணி நேர வேலை. ஆனால் எங்கள் பிரிவில் வேறு பழக்கம். துண்டுக்கு ஆப்சென்ட், விடைத்தாளுக்குக் ‘கூடுதல் ஒன்று’ என்று எழுதிப் பதிவேட்டை மூடிவிட்டு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிப்போம். பாதிக்கப்பட்டவர்கள் வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் சமாதானம்.

பதிவேட்டைத் தேடி எடுத்தேன். டம்மி நம்பர் 40117, அறுபத்தொரு மதிப்பெண், கூடுதல் ஒன்று. அந்தத் தாளில் நம்பரில்லாத துண்டும் ஒன்றே ஒன்றுதான். அது ஜெனியின் பதிவெண். பக்கத்தில் ஆப்சென்ட். ஐம்பது எடுத்தால் பாஸ். இரண்டு இடத்திலும் எழுத்து என்னுடையது. கீழே என் இனிஷியலும் இருந்தது.

அந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வெயிலா மழையா, பக்கத்தில் யார் இருந்தார்கள், எதுவும் இல்லை. ஒருத்தியின் பதினாறு வருஷம் என் கையால் போயிருக்கிறது, எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. அவள் வந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். பதிவேட்டின்படி ஆப்சென்ட் என்று பதில் கடிதம் டைப் அடித்ததும் நான்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

பத்ரிநாராயணன் சார் வருகைத்தாள், பதிவேடு இரண்டையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ரிட்டயர் ஆகிற நேரத்தில் இது எதற்கு, அழிந்துபோயிருக்க வேண்டிய பேப்பர், அழிந்ததாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் என் பிழை என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீஸ் தபாலில் சேர்த்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எதுவுமே உறைக்கவில்லை, பயமும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாளே விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பட்டம் பற்றிப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட் முடிவு செய்யும் என்றார்கள்.

ஜெனிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பாகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா சார்?”

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பிய பிறகு சேலையூரிலிருந்து என் வண்டியில் போனேன். ஜீவரத்தினம் இஸ்திரி போட்ட சட்டையோடு மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் எழுத்துதான் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகல்களை வாங்கினார். தேதியைப் பார்த்தார், அறை எண்ணைப் பார்த்தார், மேற்பார்வையாளர் கையெழுத்தைப் பார்த்தார். மகளின் கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டார். ஜெனி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“முப்பத்து மூணு வருஷம் அட்டென்டன்ஸ் எடுத்தவன் சார் நான்,” என்றார் என்னிடம். “ரெஜிஸ்டர்ல ஒண்ணு இருந்தா அது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நீ சொன்னது நிஜம்தாம்மா. இப்ப நம்புறேன்.”

ஜெனி அவரையும் அந்தக் காகிதத்தையும் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

“இப்பவும் பேப்பரைப் பார்த்துட்டுத்தானேப்பா நம்புறீங்க,” என்றாள்.

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, எனக்கு டீயில் சர்க்கரை போடலாமா என்று கேட்டாள்.