மூன்று குழுவுக்கும் ஒரே ஆள்

டெல்பர்ட் மூன்று பாட்டுக் குழுக்காரர்களுக்கு ஒரே சத்தியத்தைச் செய்து கொடுத்திருந்தான்: "உங்க குழுவத் தவிர வேற யாருக்கும் வாசிக்க மாட்டேன்." ஆஸ்டின் நகரத்தில் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர்களின் பிழைப்பே இப்படித்தான். காதல் போன கதையைப் பாடுகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் பின்னால் உட்கார்ந்து அழுகிற வாத்தியத்துக்குத்தான் ஆள் பஞ்சம். கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, கிழமை மாற்றி ஓடிச் சமாளித்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, மதுக்கடைக்காரி ரோசாலி தன் கொல்லைப்புற மேடையில் மூன்று குழுக்களையும் ஒரே சாயங்காலத்தில் வரிசையாக ஏற்றிவிட்டாள்.

முதல் இரண்டும் போனால் போகிறது என்று விட்டுவிடுவான். மூன்றாவது ட்ரூடியின் குழு. இரண்டு வருடமாக அவன் ட்ரூடியைக் காதலிக்கிறான். அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது தெரியும் என்று நினைத்திருந்தான். ஒரு கல்யாணத்தில் வேறு குழுவுக்கு டிரம் அடித்த பாவத்துக்காக, சொந்தத் தம்பியையே குழுவிலிருந்து துரத்தியவள் அவள். அவளுக்குப் பின்னால் இருக்கும் அந்த நாற்காலி பறிபோனால், வாரத்தில் டெல்பர்ட் ஆசையாக எதிர்பார்க்க மிஞ்சுவது துணி துவைக்கிற நாள்தான்.

முதல் இரண்டுக்கும் வராமல் இருந்தாலும் ஆபத்து. மற்ற இரண்டு குழுக்காரர்களும் ட்ரூடிக்கு எதிரிலேயே வந்து, "சத்தியம் பண்ணினியேடா!" என்று சட்டையைப் பிடிப்பார்கள். மூன்றுக்கும் வாசித்துவிடுவது என்று முடிவு செய்தான். இதை யோசனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் 'ஓட்டை டிராக்டர்' குழு. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்டீல் கிட்டார் மேசை மாதிரி எதிரே படுத்திருக்கும். குனிந்துதான் வாசிக்க வேண்டும். முன்வரிசையில் ட்ரூடி மாட்டிறைச்சி டாக்கோ தின்றுகொண்டிருந்தாள். அவள் ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டீல் கிட்டார்காரன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

அடுத்தது ஹாலிஸின் 'விதவைக் கோழிகள்'. டெல்பர்ட் கழிவறைக்கு ஓடி, அக்காவின் பூப்போட்ட சட்டையை மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, கடையில் வாங்கிய பெரிய மீசையை ஒட்டிக்கொண்டு வந்தான்.

"யோவ், என்னய்யா இது மீசை?" என்றார் ஹாலிஸ்.

"குளிருக்குண்ணே."

"மே மாசத்துலயா?"

"எனக்கு உதடு மட்டும் குளிரும்."

ஹாலிஸ் மேலே கேட்கவில்லை. ஸ்டீல் கிட்டார்காரர்கள் கொஞ்சம் கழன்ற கேஸ்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

வாசிக்க ஆரம்பித்ததும் டெல்பர்ட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது. ட்ரூடிக்குப் பின்னால் வாசிக்கும்போது அவள் குரல்மேல் பட்டுவிடுமோ என்று கூசிக் கூசித்தான் வாசிப்பான். இப்போது பேரும் இல்லை, முகமும் இல்லை, பயமும் இல்லை. கம்பிகளை இழுத்து இழுத்து அழவைத்தான். இரண்டு வருடத்துப் பாரம் அத்தனையும் கொட்டியது. ஜனம் பீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஊளையிட்டது. வேர்வையில் மீசையின் பாதி கழன்று தொங்க, இரண்டு கையும் வேலையாக இருந்ததால் நாக்கால் தள்ளித் தள்ளி அதை மேலே ஏற்றிக்கொண்டே வாசித்து முடித்தான்.

பிறகு முகத்தைக் கழுவி, தன் சட்டையோடு ட்ரூடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பழையபடி ஒழுங்காக, அடக்கமாக வாசித்தான். ஜனம் மரியாதைக்குக் கை தட்டிவிட்டு டாக்கோ வாங்கப் போனது.

எல்லாம் முடிந்ததும் ட்ரூடி அவனை வண்டிகள் நிற்கும் பக்கம் கூப்பிட்டாள்.

"ஹாலிஸ் குழுவுல வாசிச்சாரே ஒரு மீசைக்காரரு, பாத்தியா?"

"பாக்கல."

"என்னா வாசிப்பு! எனக்கு அழுகையே வந்துடுச்சு. டெல்பர்ட், நீ நல்லவன்தான். ஆனா எனக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும். இனிமே நீ வர வேணாம்."

டெல்பர்ட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த நொடியே அந்த மீசைக்காரன்மேல் பொறாமை பற்றிக்கொண்டு எரிந்தது.

"அவனா? மூணாவது பாட்டுல கிட்டார் பெடலத் தப்பா மிதிச்சான், தெரியுமா? சட்டையப் பாத்தியா, பொம்பளச் சட்ட!"

"நீதான் பாக்கலன்னியே?"

இனி இழக்க அவனிடம் என்ன இருக்கிறது? பையிலிருந்து மீசையை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே கோணலாக ஒட்டிக்கொண்டான்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக ட்ரூடி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். உதட்டோரம் துடித்தது, சிரிப்பை விழுங்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

"வணக்கங்க. நீங்க வேற யாருக்காச்சும் வாசிக்கிறீங்களா?"

டெல்பர்ட் அந்தக் கையைக் குலுக்கினான். "ரெண்டு பேருக்கு வாசிக்கிறேங்க."

"பரவால்லைங்க, உண்மையச் சொல்லிட்டீங்க. வியாழக்கிழமை ஒத்திகை, வந்துடுங்க." அவள் அருகே வந்து, நழுவிக்கொண்டிருந்த மீசையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். "அந்த டெல்பர்ட்டு பய ரெண்டு வருசமா என்கிட்ட என்னத்தையோ சொல்ல வந்து வந்து முழுங்கினான். நீங்களாச்சும் சொல்லுங்க."