நேயர் விருப்பத்தில் ஐந்து பேர்

நல்லசாமிக்குப் பாட்டு என்றாலே ஆகாது. பாட்டுக் கேட்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவன் கட்சி. அப்படிப்பட்டவனுக்கு நெய்வேலியில், அதுவும் அந்தத் தெருவில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததை என்னவென்று சொல்வது? கோடி வீட்டுத் திருநெல்வேலிக்காரர் ஆர்மோனியத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். மார்கழி பிறந்தால் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி, காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்பே ஆரம்பித்துவிடும். ரேடியோவில் நேயர் விருப்பம் வரும் நேரத்தில் கடைக்குப் போய்த் திரும்புகிறவன், ஒரு வரி விடாமல் பாட்டைக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேரலாம். எல்லா ஜன்னலிலும் அதே பாட்டுத்தான்.

நல்லசாமி வீட்டிலும் ரேடியோ இருந்தது. அவன் அதில் செய்தி மட்டும் கேட்பான். அவன் ஷிப்டுக்குப் போன பிறகு அது பாட ஆரம்பிக்கும் என்பது அவன் மனைவி பொன்னம்மாளுக்கும் தெருவுக்கும் தெரியும். அவனுக்கும் சந்தேகம் உண்டு, ஸ்டேஷன் முள் நின்ற இடத்தைப் பார்த்து.

எழுபத்தெட்டாம் வருஷம், பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவனுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வந்தது. சோறு இறங்கவிடாத சந்தேகம்.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பின்னால், பலா மரத்தடியில், அவன் ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சடையப்பன் என்ற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தான். சடையப்பன் கம்மாபுரம் பக்கம். ஊரும் நிலமும் நிலக்கரி மைன்ஸுக்குள் போய்விட, மனைவி அம்சவல்லியையும் கைக்குழந்தை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தவன். அந்த மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டிய கன்வேயர் பெல்ட்டில்தான் நல்லசாமிக்கு வேலை. ஆனால் அதை அவன் யோசித்ததில்லை. அவன் யோசித்ததெல்லாம் உள்வாடகை விதிப்படி குற்றம் என்பதைத்தான். பிடிபட்டால் குவார்ட்டர்ஸ் போய்விடும். போன ஆடியில் அடுத்த தெருப் பெரியண்ணனை ஒரு மொட்டைக் கடுதாசி சட்டி பானையோடு ரோட்டில் நிறுத்தியிருந்தது. அன்றிலிருந்து யார் கையில் தபால் கார்டைக் கண்டாலும் நல்லசாமி எட்டிப் பார்ப்பான்.

பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வத்திடம் எப்போதும் ஒரு கத்தை தபால் கார்டு இருந்தது. காடாம்புலியூர்க்காரன், ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். அவன் மச்சான் குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற ஆபீசில் கிளார்க். இது ஒன்றே நல்லசாமிக்குப் போதும். இதில் பன்னீர்செல்வம் வாசலில் உட்கார்ந்து எழுதும்போது, நல்லசாமியைக் கண்டால் முழங்கையால் கார்டை மறைத்துக்கொண்டான்.

ஒரு நாள் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, பன்னீர்செல்வம் வேலி ஓரம் நின்று சடையப்பனைக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"கொழந்தைக்குப் பாப்பான்னேதான் பேரா? சரி, அப்போ உங்க வூட்ல மொத்தம் மூணு பேரு."

சொல்லிக்கொண்டே எழுதினான். மறுநாள் நல்லசாமியிடமே வந்து, அவனுடைய வீட்டு நம்பரைச் சரிபார்த்துக்கொண்டு போனான். அதற்கும் மறுநாள் பொன்னம்மாளும் பன்னீர்செல்வமும் வேலியருகே ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள், இவன் தலையைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். வெள்ளந்தியான தன் மனைவியிடமும் பயல் விவரம் பிடுங்குகிறான் என்று நல்லசாமி முடிவு கட்டினான்.

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் வெளியே போகும் என்று நினைத்தான். கடைசியில் பன்னீர்செல்வத்தையே மடக்கி, சாதாரணமாகக் கேட்பதுபோல, யாருக்குக் கடுதாசி என்று கேட்டான்.

"பொங்கலன்னைக்குத் தெரிஞ்சிக்குவீங்கண்ணே" என்று பன்னீர்செல்வம் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் நல்லசாமியை முடித்தது.

போகியன்று பன்னீர்செல்வம் ஷிப்டுக்குப் போயிருந்தான்; பொன்னம்மாள் அவன் மனைவியோடு திருவதிகை கோயிலுக்குப் பஸ் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் நல்லசாமி கொட்டகைக்குப் போய், மத்தியானத்துக்குள் காலி செய்யச் சொன்னான். அம்சவல்லி அப்போதுதான் புதுப் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கல் கழிச்சிப் போயிடறோங்க" என்றான் சடையப்பன். "கொழந்தையத் தூக்கிகினு இன்னைக்கே எங்கங்க போறது?"

அது தனக்குத் தெரியாது என்று நல்லசாமி சொல்லிவிட்டான். அவர்கள் போனதும் தகரத்தைப் பிரித்து அடுக்கினான். விட்டுப்போன கோரைப்பாயையும் ஓட்டை முறத்தையும் தெருவில் எரிந்துகொண்டிருந்த போகித் தீயில் போட்டான். இனி எந்த ஆபீசர் வந்து பார்த்தாலும் ஓர் அடையாளமும் கிடைக்காது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்த பொன்னம்மாள் எங்கே அவர்கள் என்றாள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றான்.

"அவங்களுக்கு ஏதுங்க ஊரு? அதுதான் மைன்ஸுக்குள்ள போயிருச்சே."

அம்சவல்லிக்குத் தாய் வீடு இருக்கும் என்று சமாளித்தான். கொட்டகையைச் சுவருக்கு வெள்ளையடிக்கப் பிரித்ததாகச் சொன்னான். பாதி நம்பியும் நம்பாமலும் அவள் உள்ளே போனாள்.

பொங்கலன்று காலை யாராவது ஆபீசிலிருந்து வருவார்கள் என்று நல்லசாமி வாசலையே பார்த்தபடி இருந்தான். யாரும் வரவில்லை. பொங்கல் பொங்கி, படைத்து முடிந்ததும், பொன்னம்மாள் அவன் கண்ணெதிரிலேயே ரேடியோவை ஜன்னலுக்கு இழுத்து, முள்ளைத் திருப்பி, சத்தத்தைக் கூட்டினாள். இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவன் வாயைத் திறப்பதற்குள், தெரு முழுக்க அறிவிப்பாளர் குரல் எழுந்தது.

"அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள், நெய்வேலியிலிருந்து நல்லசாமி, பொன்னம்மாள், தம்பி சடையப்பன், அம்சவல்லி, பாப்பா."

கோடி வீட்டில் யாரோ கை தட்டினார்கள். பன்னீர்செல்வம் கையில் கரும்போடு வேலிக்கு ஓடிவந்தான்.

"கேட்டீங்களாண்ணே? நாலு கார்டு போட்டேன். ரெண்டு பேரு மட்டும் எழுதினா வூடு வெறிச்சுனு இருக்கும், அவங்களையும் சேர்த்து எழுதுன்னாங்க அண்ணி. தம்பின்னு போடச் சொன்னதும் அவங்கதான். ரேடியோவுலயே தம்பின்னு சொல்லியாச்சு, இனிமே எந்த ஆபீஸ்காரன் வந்து உள்வாடகையான்னு கேப்பான்? பாப்பா எங்க, பேரு வந்ததைக் கேட்டுதா?"

நல்லசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் பதினாறு வருஷம் இருந்தவள், ஐந்து பேராகத் தன் வீட்டை ஒரு தடவை காதால் கேட்க ஆசைப்பட்டிருக்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பன்னீர்செல்வத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பொன்னம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே, பலா மரத்தடியில் அடுக்கி வைத்திருந்த தகரத்தைப் பார்த்தாள். ரேடியோவை அணைத்தாள்.

"எங்க போறாங்கன்னாச்சும் கேட்டீங்களா?"

அவன் கேட்டிருக்கவில்லை. அவள் தங்கள் ரேடியோவை மட்டும்தான் அணைத்திருந்தாள். மற்ற எல்லா வீடுகளிலும் அவர்கள் ஐந்து பேரும் விரும்பிக் கேட்ட பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.