கேட்காமல் அழி

1

இந்தக் கதை ஒரு கெட்ட எண்ணத்தில் பிறந்தது. கயல்விழி என்ற பெண்ணை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவளைப் பற்றி இணையத்தில் எல்லோரும் பார்க்க ஒரு வரி எழுதினேன்: "பொறுப்பில்லாதவர்கள் எழுதும் கருவிகளை நம்பினால் இப்படித்தான் ஆகும்." அன்று என் மூன்று வார வேலை அழிந்துபோயிருந்தது. அழித்தது அவள்தான் என்று நினைத்தேன். நான் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவன். மீதி நேரத்தில் கதை எழுதுகிறவன். ஊரார்மேல் பழிபோட இரண்டு தொழிலிலும் நல்ல பயிற்சி கிடைக்கும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "தங்கம் தீர்ந்துபோன ஊரில் ஒரு பெண் இன்னொரு சுரங்கத்தைத் தோண்டிக்கொண்—"

அங்கேயே நிறுத்திவிட்டேன். கோலார் தங்கவயலைப் பற்றி எழுத வருகிற ஒவ்வொருவனும் முதல் வரியிலேயே தங்கத்தைத் தேடுகிறான். ஊர்க்காரர்கள் காலை ரயிலில் உட்கார இடம் தேடுகிறார்கள்.

2

ஆகவே ரயிலிலிருந்து தொடங்குகிறேன்.

கயல்விழிக்கு முப்பத்து நான்கு வயது. தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடொன்றில் அம்மா சரோஜம்மாவோடு இருக்கிறாள். மாரிகுப்பத்திலிருந்து வருகிற ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், அதே தடத்தில் திரும்புகிறாள். ஏழு வருடத்துக்கு முன் அந்த ரயிலில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அவள் எழுதியதுதான் இந்த வம்புக்கெல்லாம் காரணமான ஷெல் ப்ளக்இன்.

(நிரல் பழக்கமில்லாதவர்களுக்காக: நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை ரெப்போ என்ற பெட்டகங்களில் வைத்திருப்பார்கள். ஒருவரிடமே முப்பது நாற்பது சேர்ந்துவிடும். ஷெல் என்பது எழுத்தடித்து வேலை வாங்குகிற கறுப்புத் திரை. ப்ளக்இன் என்பது அதில் சொருகிவைக்கிற சின்னக் கருவி. இதற்குமேல் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள் என்று மேலே படித்தால் புரியும்.)

அவளுடைய கருவியில் 'ஊர்' என்று அடித்தால் எல்லாப் பெட்டகங்களின் நிலவரமும் ஒரே பட்டியலாக வரும். 'துடை' என்று அடித்தால் வேண்டாத குப்பை போகும். ஆனால் போவதற்கு முன், எந்தெந்தக் கோப்புகள் பெட்டகத்தில் இன்னும் பதியவில்லை, எவை அழியும் என்று காட்டி, சரியா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு மனிதர் ஒருவர் விசைப்பலகையில் பதில் அடிக்க வேண்டும். இன்னொரு நிரலை வைத்துப் பதில் சொல்ல முடியாதபடி அவள் வேண்டுமென்றே செய்திருந்தாள்.

தனக்காக எழுதியதை யாருக்காவது உதவட்டுமென்று இணையத்தில் போட்டுவைத்தாள். பதினோராயிரம் பேர் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு கடிதங்கள் வந்தன. ஒருவர் எழுத்தின் நிறம் கண்ணை உறுத்துகிறது என்றார். இன்னொருவர், சொல்லி நான்கு நாளாகிறது, இன்னும் சரிசெய்யவில்லையே, வேலையில் அக்கறை இல்லையா என்று கேட்டார். அவள் விடுமுறை எடுத்துத் தன் மாமா சாவுக்குப் போயிருந்த வாரம் அது. ஏழு வருடத்தில் நன்றி சொன்னவர்களை விரல்விட்டு எண்ணலாம். எண்ணுவதற்கு இரண்டாவது கை தேவைப்படாது.

3

கிரண் வருகிறான். இவனை என்ன செய்வதென்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. முதல் வரைவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் காரிலிருந்து இறக்கினேன். உண்மையில் ஸ்கூட்டரில் வந்தான். தலைக்கவசம் அழுத்தி முடி கலைந்திருந்தது. இருபத்தொன்பது வயது. நான் வேலை செய்கிற நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவன். அப்போது எனக்கு அவனைத் தெரியாது.

அவன் ஏற்கெனவே மூன்று முறை அவளுக்கு எழுதியிருந்தான். நிறுவனத்தில் நானூறு பேர் அந்தக் கருவியை வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் எல்லார் கணினியிலும் அதுவாகவே துடைக்க வேண்டும். கேள்வி கேட்காமலிருக்க வழி செய்து தாருங்கள் என்று. மூன்று முறையும் அவள் முடியாது என்று பதில் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நானும் ராபர்ட்சன்பேட்டை தான். நம்ம ஊர்க்காரன் கேக்கறேன்னு செய்யுங்க."

"ஊருக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"உங்க கேள்வி தான் குறுக்க நிக்குது."

"குறுக்க நிக்கட்டும்னு தான் வெச்சேன்."

உட்காரச் சொன்னது சரோஜம்மா. டீ கொடுத்ததும் அவர்தான். டீயைக் குடித்துக்கொண்டே கிரண் விஷயத்தைச் சொன்னான். வேலை நிரந்தரமாவதற்கு முந்தைய ஆறு மாதத் தேர்வுக் காலத்தில் இருக்கிறான். இது முடிந்துவிட்டது என்று மேலாளரிடம் முன்பே சொல்லிவிட்டான். செய்து கொடுத்தால் நீ குறைந்தா போய்விடுவாய் என்று அம்மா மகளைக் கேட்டார்.

(இங்கே கயல்விழியின் மனம் இளகியது என்று எழுதினேன், பிறகு எடுத்துவிட்டேன். நான் கேட்டபோது அவள் சொன்னது: "அவன் எழுந்து போனா போதும்னு இருந்துச்சு.")

அன்று மாலைக்குள் செய்து கொடுத்தாள். கேள்வியைத் தவிர்க்க வேண்டுமென்றால் 'கேட்காமல்-அழி' என்று முழுதாக அடிக்க வேண்டும். கருவியின் விளக்கக் குறிப்பில் முதல் பத்தியாக ஓர் எச்சரிக்கை சேர்த்தாள்: பதியாத வேலை போனால் திரும்ப வராது. கிரணிடம் ஒரு கடிதமும் கேட்டு வாங்கினாள். "இந்த வசதியை நாங்களே கேட்டோம். எங்கள் கணினிகளில் இதனால் எது நேர்ந்தாலும் பொறுப்பு எங்களுடையது" என்று நிறுவன மின்னஞ்சல் முகவரியிலிருந்து அவன் அனுப்பினான். நானூறு பேரில் ஒருவருக்கும் அவன் இதைச் சொல்லவில்லை.

4

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கிரண் ஏற்பாடு செய்த துடைப்பு முதன்முறையாக ஓடியபோது, நாற்பத்தொரு பேரின் பதியாத வேலை அழிந்தது. அதில் நானும் ஒருவன். மூன்று வார வேலையை ஏன் பதியாமல் வைத்திருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். சோம்பேறித்தனத்துக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'இன்னும் மெருகேற்றிக்கொண்டிருக்கிறேன்'.

கயல்விழி என்ற வெளியாள் ஒருவரின் குறைபாடுள்ள கருவியால் இழப்பு நேர்ந்தது என்று நிறுவனம் அறிக்கை விட்டது. உடனே எல்லோரும் கருவியின் பக்கத்துக்குப் போனோம். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். நாற்பத்தொரு பேருக்குப் போன வேலைக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கிருந்து வந்தார்கள்? அடி விழுகிற இடத்தில் ஒரு கை போட நமக்கு அழைப்பு தேவையில்லை. விளக்கக் குறிப்பின் முதல் பத்தியை அவர்களில் யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

கயல்விழி அதையெல்லாம் ரயிலில் நின்றபடி கைப்பேசியில் படித்தாள். பங்காருப்பேட்டை தாண்டியதும் கிரண் கூப்பிட்டான். அந்தக் கடிதத்தை மட்டும் வெளியே போட்டுவிடாதீர்கள் என்றான்.

"நீ வாயத் தொறந்து உங்க ஆபீஸ்ல ஒரு வரி சொல்லு. நான் லெட்டரத் தொடமாட்டேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றான். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவன் வாயைத் திறக்கவில்லை.

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் கடிதத்தை வெளியிடுகிறாள். கிரண் வேலையை இழக்கிறான். வாசகர் கைதட்டுகிறார்.

ஆ. அவள் மன்னிக்கிறாள். ஊர்ப்பாசம் வெல்கிறது. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறா—

போதும். நடந்தது வேறு. வியாழக்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள். நிரல் எழுதப் பயன்படுத்தும் செயலிகள் தமக்குள் பழைய நகல்களை ஒளித்துவைத்திருக்கும். அங்கிருந்து அழிந்த கோப்புகளைத் தேடியெடுக்க ஒரு சிறு நிரல் எழுதி, சாயங்காலம் வெளியிட்டாள். அதோடு ஒரே வரி: "இதை ஓட்டுங்கள்." நாற்பத்தொரு பேரில் முப்பத்து மூன்று பேருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. சனிக்கிழமை அவள் பக்கத்தைப் பூட்டினாள். பூட்டினால் யாரும் புதிதாக எழுத முடியாது, எழுதியதைத் திருத்தவும் முடியாது. என் வரியை எடுத்துவிட நான் போனது ஞாயிற்றுக்கிழமை. தாமதித்தவர்களிலும் நான் சராசரிதான்.

6

மன்னிப்புக் கேட்க சாம்பியன் ரீப்ஸுக்குப் போனேன். அப்படித்தான் என்னிடம் சொல்லிக்கொண்டேன். பையில் குறிப்பேடு இருந்தது.

நான் எழுதிய வரியைச் சொன்னதும் அவள் கொஞ்சம் யோசித்தாள். "முன்னூறு பேர் எழுதுனாங்க. நீங்க எதுன்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எங்களுக்காக ஒரு நாள் உட்கார்ந்து எழுதினீர்களே, எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். நெகிழ்ச்சியான பதிலுக்கு நான்கு வரி இடம் விட்டுவைத்திருந்தேன்.

"மனசெல்லாம் இல்ல. உங்களப் பாத்து வந்த எரிச்சல். உங்க கையில என்னைத் திட்ட ஒரு காரணமும் இருக்கக்கூடாதுன்னு செஞ்சேன்."

பிறகு மடிக்கணினியைத் திறந்து கிரணின் கடிதத்தைக் காட்டினாள். அதைப் பார்க்கும்வரை எனக்கு எதுவும் தெரியாது. இதை நீங்களே ஏன் வெளியிடவில்லை என்றேன்.

"நான் போட்டா சண்டைம்பாங்க. அங்க கீற ஒருத்தர் சொன்னா தான் அது செய்தி. நீங்க அங்க தான கீறீங்க?"

ஆமாம், சொல்கிறேன் என்றேன். ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். இது நடந்து மூன்று வாரமாகிறது. கிரணின் தேர்வுக் காலம் நல்லபடியாக முடிந்தது. எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்கிறான். பதவி நிரந்தரமான அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். நானும் தின்றேன். நிறுவனத்தின் அறிக்கை அப்படியே இருக்கிறது, அவள் பெயரோடு.

நான் சும்மா இருக்கவில்லை. இந்தக் கதையை எழுதினேன். ஐந்தாம் பகுதிவரை அவளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டேன். பதில் வந்தது: "கதை இருக்கட்டும். ஆபீஸ்ல சொன்னீங்களா?"

7

முடிவை வாசகரிடம் ஒப்படைப்பது இந்த வகைக் கதைகளின் மரியாதையான வழக்கம். வாசகரின் சுதந்திரம், திறந்த பிரதி என்று அதற்கு நல்ல பெயர்கள் உண்டு. நானும் அந்தப் பெயர்களை மேடையில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அதன் பெயர் கோழைத்தனம். இருந்தும் ஒப்படைக்கிறேன்.

மேலாளரின் அறை என் இருக்கையிலிருந்து பன்னிரண்டு அடி. கடிதத்தின் நகல் இழுப்பறையில் இருக்கிறது. "திங்கட்கிழமை காலை நான் அதை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டி" என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன். அதை முடிக்கப்போவதில்லை. அழகாக முடித்துவிட்டால் தட்டியது போலவே எனக்குத் தோன்றிவிடும். நீங்களும் நம்பிவிடுவீர்கள். அவள் நம்பமாட்டாள்.